இறக்கத்தில் இரண்டாம் கியர்

ராயப்பன்பட்டி
9.2.2025

மாமாவுக்கு,

நல்லா இருக்கீகளான்னு எழுதி, அடிச்சுட்டேன். ஜெயில்ல இருக்கிறவுகளை அப்படிக் கேக்கலாமான்னு தெரியலை. சாப்பாடு இறங்குதான்னு மட்டும் எழுதுங்க.

பார்க்க வரக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனீக. வரலை. போன்ல பத்து நிமிசம் பேச விடுவாகன்னு வக்கீல் சொன்னாரு. பின்னால ஆளு காத்துக்கிட்டு நிக்க நான் என்னத்தைப் பேச. எழுதுனா யோசிச்சு எழுதலாம், தப்பா வந்தா அடிக்கலாம்.

கோர்ட்டு வாசல்ல வேன்ல ஏறும்போது, நம்ம ஜீப்பை டிரைவர் சுரேஷ்கண்ணனுக்கு வித்துருன்னீக. விக்கலை. கோபப்படாமப் படிங்க. உத்தமபாளையத்துல ஒரு டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்திருக்கேன்.

காரணம் நம்ம தெருப் பொன்னாத்தாக்கா. போன மாசம் அவுக தொடையில இருந்த பிளேட்டை எடுத்துட்டு வேற வச்சிருக்காக. வாரம் ஒரு தடவை தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கால் பயிற்சிக்குப் போகணும். மூணு பஸ் மாறணும். மடங்காத காலை வச்சுக்கிட்டு பஸ் படியில ஏற முடியலை. ரெண்டு பேரு கையைப் பிடிச்சு மேல இழுக்குறதை நான் ஸ்டாப்புல நின்னு பார்த்தேன். மூணு வருசத்துக்கு முன்னாடி மலையில இருந்து இறங்கும்போது நம்ம வண்டி கவுந்துதான் அவுகளுக்கு அந்தக் கால். வண்டி ஷெட்டுல தார்ப்பாயைப் போர்த்திக்கிட்டுச் சும்மா நிக்குது.

சொல்லிக்குடுக்கிறது ஜோதிலட்சுமின்னு ஓடைப்பட்டிப் பிள்ளை. இருபத்தி நாலு வயசு. என்னை அக்காங்குது, ஆனா அதட்டத்தான் செய்யுது. முதல் நாள் வண்டி ஒன்பது தடவை நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும் நெத்தி முன்னால போய்ட்டு வந்துச்சு.

இன்னொண்ணு. கம்பத்துல வேல்பாண்டி அண்ணன் ஒர்க்‌ஷாப் பூட்டிக் கிடக்கு. அவரு பிரேக் பார்த்த வண்டிதான கவுந்துச்சுன்னு ஜீப் ஸ்டாண்டுல பேசிப் பேசியே ஒருத்தரும் அவருகிட்ட வண்டி விடுறது இல்லை. இப்ப போடியில யாரு கடையிலயோ கூலிக்கு இருக்காராம். பஸ் ஸ்டாண்டுல என்னைப் பார்த்தாரு. முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

நம்ம பாப்பா ஹாஸ்டல்ல இருந்து பேசுச்சு. நீங்க நல்லா இருக்கீகன்னு அதுகிட்டச் சொல்லியிருக்கேன்.

பெனிஷா

மதுரை
21.2.2025

பெனிஷா,

கடிதம் கிடைச்சது. சாப்பாடு இறங்குது.

ஜீப்பை வித்துரு. அது மலைக்கு ஆளு ஏத்துன வண்டி. கிளட்ச் கல்லு மாதிரி இருக்கும். ஸ்கூல் கார் வேற, அது வேற. உன் காலுக்கு ஆகாது. பொன்னாத்தாவுக்கு ஆட்டோ பிடிச்சு விடு.

நான் பதினெட்டு வருசம் ஓட்டுனேன். என்ன மிஞ்சுச்சுன்னு நீயே பார்க்குற. ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் போதும்.

வேல்பாண்டி பத்தி எனக்கு எழுத வேண்டாம்.

இமானுவேல்

மடிச்சுட்டுத் திரும்பப் பிரிச்சு எழுதுறேன். ஒன்பது தடவை நின்னுச்சுன்னா நீ கிளட்சைப் பட்டுன்னு விடுறேன்னு அர்த்தம். மெதுவாக் காலைத் தூக்கு. ஒரு இடத்துல வண்டி லேசா நடுங்கும். அங்கன காலை அப்படியே நிறுத்து. மனசுக்குள்ள ரெண்டு எண்ணு. பெறகு விடு. ஸ்கூல் கார்ல மட்டும்.

ராயப்பன்பட்டி
12.3.2025

மாமாவுக்கு,

பொன்னாத்தாக்காகிட்ட ஆட்டோவுக்குச் சொல்லவான்னு கேட்டேன். “நீ அனுப்புன ஆட்டோவுல ஏறுனா உன் புருசனை மன்னிச்சதா ஆகிரும்த்தா. நான் பஸ்லயே போய்க்கிறேன்”னாக.

ரெண்டு எண்ணச் சொன்னீக, எண்ணுனேன். அந்த நடுக்கம் காலுக்குக் கீழ வந்துச்சு. மாட்டுக்குக் கயித்தை இளக்கும்போது அது ஒரு மூச்சு இழுக்குமே, அதே மாதிரி. அங்கன நிறுத்தி எண்ணிட்டு விட்டேன். வண்டி கிளம்பிருச்சு. ஜோதி என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, “யாருக்கா சொல்லிக்குடுத்தா?”ன்னு கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன். எங்க இருக்காருன்னு கேட்டுச்சு. மதுரையிலன்னேன்.

நேத்து சுருளிப்பட்டி ரோட்டுல போனோம். ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல், ரோட்டுல ஆளே இல்லை. ரெண்டாவது கியர்ல வண்டி கத்திக்கிட்டே போகுது. ஜோதி ‘இப்ப’ன்னு சொல்றதுக்கு முன்னாடியே என் கால் கிளட்சை மிதிச்சு, கை மூணாவதுக்குத் தள்ளிருச்சு. கத்திக்கிட்டு இருந்த வண்டி ‘ம்’முனு அடங்கி, தன்னால முன்னால போச்சு. நான் தள்ளலை, அதுவும் இழுக்கலை. ரெண்டு பேரும் சேர்ந்து போன மாதிரி இருந்துச்சு. எஸ்டேட்ல ஏலக்காய் எடுத்த காலத்துல கை மட்டும் ஓடும், மனசு வீட்டுல கிடக்கும். நேத்து கை, கால், காது, மனசு எல்லாம் ஒரே இடத்துல இருந்துச்சு. முப்பத்தெட்டு வயசுல இப்படி ஒண்ணு எனக்குக் கிடைக்கும்னு நான் நினைக்கலை.

இதை எழுத வெட்கமாத்தான் இருக்கு. நீங்க உள்ள இருக்கிறதே வண்டியாலதான். சிரிச்சுக்கிட்டே தெருவுக்குள்ள வந்தேன், முனையில பொன்னாத்தாக்கா கட்டையை ஊனி நின்னாக. முகத்துல இருந்த சிரிப்பை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியலை.

நாலாவது கியருக்கு எப்ப மாத்தணும்னு எப்படித் தெரியும்? ஜோதி மீட்டரைப் பார்க்கச் சொல்லுது. நீங்க மீட்டரைப் பார்த்து நான் கண்டதே இல்லை.

பெனிஷா

மதுரை
27.3.2025

பெனிஷா,

நம்ம கடிதத்தை எல்லாம் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாக. படிக்கிற ஐயா நேத்து என்னைக் கூப்பிட்டாக. என்னமோ ஏதோன்னு போனேன். “உன் சம்சாரம் மூணாவது கியருக்கு வந்துட்டாகய்யா, பார்த்தியா”ன்னு சொல்லிக் குடுத்தாக. அவுக மகளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுக்கப் போய் ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கலையாம். அந்த ரெண்டு எண்ணுறதை வீட்டுல போய்ச் சொன்னாகளாம்.

மீட்டர் வேண்டாம். மீட்டரைப் பார்க்கும்போது ரோட்டைப் பார்க்க மாட்ட. எஞ்சின் ஒரே மாதிரி முனங்கும். அது உசந்து, இனி உசர முடியாம நிக்கும். அந்த இடத்துல மாத்து. இறக்குறதுக்கும் அதேதான். ஏத்தத்துல வண்டி இருமும். இருமுறதுக்கு முன்னாடி கியரைக் குறைச்சிரு. இருமுனதுக்குப் பெறகு குறைச்சா நீ பிந்திட்டேன்னு அர்த்தம்.

நம்ம ஜீப்புல ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டும். நேராத் தள்ளுனா போகாது. நடுவுல, எந்தக் கியரும் விழாத நியூட்ரல்ல ஒரு நொடி நிறுத்து, பெறகு சுண்டுவிரல் பலத்துலயே விழும். கியர் கம்பி மேல உள்ளங்கையைப் போட்டு அழுத்திப் பிடிக்காத. முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடி.

விக்கச் சொன்னவன் இதை எல்லாம் எழுதுறேன். காலையில வரிசையில உக்கார வச்சு எண்ணுவாக. என் முறை வர்ற வரைக்கும் இடது கால் தரையை மிதிச்சு மிதிச்சு விடுது. பக்கத்துல இருக்கவன், காலுல என்ன வலியான்னு கேக்குறான்.

சந்தோசப்படுறதுக்கு வெட்கப்படாத. நீ ஒண்ணும் செய்யலை.

ஆனா மலைக்குப் போகாத. கீழ ரோட்டுல ஓட்டு, போதும்.

இமானுவேல்

ராயப்பன்பட்டி
4.5.2025

மாமாவுக்கு,

லைசென்ஸ் எடுத்துட்டேன். இன்ஸ்பெக்டர் ஏத்தத்துல நிறுத்தி எடுக்கச் சொன்னாரு. ஒரு சாண் கூடப் பின்னால போகலை. கையெழுத்துப் போடும்போது, “நல்லா ஓட்டுறீக, கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியுமா?”ன்னாரு. இல்லை, இந்த வருசம்தான்னேன்.

தார்ப்பாயை எடுத்து ஜீப்பை வெளிய கொண்டு வந்தேன். கிளட்ச் கல்லுதான். ஒரு வாரம் தொடை வலிச்சுச்சு, பெறகு பழகிருச்சு. ரெண்டாவது கியர் நீங்க சொன்ன மாதிரியே முரண்டு பிடிச்சு, நீங்க சொன்ன மாதிரியே விழுந்துச்சு.

மலைக்குப் போகாதன்னு எழுதியிருந்தீக. போன ஞாயிறு பூசை முடிஞ்சு ஜோதியைக் கூட்டிக்கிட்டுக் கம்பம்மெட்டு ஏறுனேன். ஏறும்போது ஒவ்வொரு வளைவுலயும் வண்டி இருமுறதுக்கு முன்னாடி குறைச்சேன். மேல நிறுத்திப் பால் ஊத்தாத கட்டஞ்சாயா குடிச்சோம். கையில இன்னும் ஸ்டியரிங் அதிர்ற மாதிரியே இருந்துச்சு.

இறங்கும்போது ஜோதி, “எந்தக் கியர்ல ஏறுனீகளோ அதே கியர்லதான் இறங்கணும்க்கா. பிரேக்கை நம்பாதீக, எஞ்சினே பிடிச்சுக்கும்”ன்னுச்சு. ரெண்டாவதுல போட்டேன். வண்டி உர்ருன்னு சத்தம் போட்டுக்கிட்டே, தன்னைத் தானே பிடிச்சு நிறுத்திக்கிட்டே வந்துச்சு. கீழ வர்ற வரைக்கும் பிரேக்கை லேசாத் தொட்டதோட சரி.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வரும்போதுதான் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நானும் ரெண்டு வருசம் உங்க ஜீப்புல எஸ்டேட்டுக்கு வந்தவதான். காலையில ஏறும்போது பேசுனாக் கேக்காது, அவ்வளவு சத்தம். சாயங்காலம் இறங்கும்போது சத்தமே இருக்காது. காத்துச் சத்தம் மட்டும்தான். “சும்மா வருது பாரு”ன்னு சொல்லுவீக. அன்னிக்கு எனக்கு அது ஒண்ணும் தெரியலை. இப்பத் தெரியுது.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திட்டு நேராப் பொன்னாத்தாக்கா வீட்டுக்குப் போனேன். வண்டி கவுந்த அன்னிக்குச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். “சத்தமா? வண்டி மோதுற வரைக்கும் சத்தமே இல்லையேத்தா. பின்சீட்டுல மூக்கம்மா கீரை ஆயுறதைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தா. அதுகூடக் கேட்டுச்சு”ன்னாக.

மாமா, அன்னிக்கு வண்டி எந்தக் கியர்ல இருந்துச்சு?

பெனிஷா

ராயப்பன்பட்டி
15.6.2025

மாமாவுக்கு,

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பதில் இல்லை. உடம்புக்கு ஏதுமான்னு வக்கீல்கிட்ட விசாரிச்சேன். நல்லாத்தான் இருக்காருன்னாரு. அப்ப எழுதக்கூடாதுன்னு இருக்கீக.

வேல்பாண்டி அண்ணன் ஒர்க்‌ஷாப்பை வேற ஒருத்தருக்கு விட்டுறப் போறாராம். கதவுல இருந்த பேரை அழிக்கச் சொல்லி ஆளு வந்துருக்கு.

நீங்க பதில் போடலைன்னாலும் நான் வண்டியை விக்க மாட்டேன். இதை மட்டும் சொல்லத்தான் எழுதுறேன்.

பெனிஷா

மதுரை
29.6.2025

பெனிஷா,

நியூட்ரல்ல இருந்துச்சு.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாள் ஆச்சு. இதை நீ படிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஐயா படிப்பாக. படிக்கட்டும்.

டீசல் மிச்சம்னு எல்லாருகிட்டயும் சொல்லுவேன். அது பாதிப் பொய். நாள் முச்சூடும் அந்த எஞ்சின் சத்தம் மண்டைக்குள்ள நிக்கும். சாயங்காலம் மேல இருந்து பார்த்தா பள்ளத்தாக்கு முழுசும் பச்சையாக் கிடக்கும். நியூட்ரல்ல தட்டி விட்டா எல்லாச் சத்தமும் நின்னுரும். பருந்து இறங்குற மாதிரி இறங்கலாம். நீ மூணாவது கியர்ல கண்டதை நான் அதுலதான் கண்டேன். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, அதான் உண்மை.

அன்னிக்குப் பதிமூணு பேரு. ஏத்தியிருக்கக் கூடாது. மூணாவது வளைவுல கருகுற வாடை வந்துச்சு. அஞ்சாவதுல பிரேக்கை மிதிச்சா கால் அடிவரைக்கும் போகுது. ரெண்டாவது கியரைப் போடப் பார்த்தேன். அந்த வேகத்துல அது விழுமா. கரகரன்னு அரைச்சுச்சு, உள்ள போகலை. பள்ளத்துப் பக்கம் விடாம மலைப்பக்கம் ஒடிச்சேன். நான் சரியாச் செஞ்சது அது ஒண்ணுதான்.

ஆஸ்பத்திரியில போலீஸ் வந்து கேட்டப்ப, பிரேக் பிடிக்கலைன்னு சொன்னேன். பொய் இல்லை. ஏன் பிடிக்கலைன்னு யாரும் கேக்கலை, நானும் சொல்லலை. பிரேக் ஷூ கருகியிருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. வக்கீலும் அதையே பிடிச்சுக்கிட்டாரு. வேல்பாண்டி ஷூ மாத்தி எட்டு நாள்தான் ஆகியிருந்துச்சு. நல்லாத்தான் மாத்தியிருந்தான். இறக்கம் முழுக்க மிதிச்சுக்கிட்டே வந்தா எவன் போட்ட ஷூவும் கருகத்தான் செய்யும். ஸ்டாண்டுல அவனைப் பேசுறாகன்னு தெரிஞ்சும் மூணு வருசம் வாயைத் திறக்கலை. அவன் என் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டுனவன்.

கூட ஒரு தாள் வச்சிருக்கேன். அது வேல்பாண்டிக்கு. நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவன்கிட்டக் குடு. பொன்னாத்தாவுக்கும் படிச்சுக் காட்டு. நீ என்ன நினைக்கிறேன்னு எனக்கு எழுதணும்னு இல்லை.

இமானுவேல்

ராயப்பன்பட்டி
3.8.2025

மாமாவுக்கு,

நான் என்ன நினைக்கிறேன்னு கடைசியில எழுதுறேன். முதல்ல நடந்ததை எழுதிர்றேன்.

உங்க கடிதம் வந்த மறுநாள் ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போடிக்குப் போனேன். வேல்பாண்டி அண்ணன் ஒரு வேனுக்குக் கீழ படுத்துக் கிடந்தாரு. கூப்பிட்டேன். கிரீஸ் படாம ஓரத்தைப் பிடிச்சு, நின்னுக்கிட்டே படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு.

“இதை நான் படிச்சு என்ன தங்கச்சி செய்ய? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. கருகுன ஷூவை நான் பார்த்தேன்ல.”

“தெரிஞ்சும் ஏண்ணே சொல்லலை?”

“சொன்னேன். தன் வேலையை விட்டுக்குடுக்காமப் பேசுறான்னாக. அதோட விட்டுட்டேன். ஊருக்குத் தெரியணும்னு நினைச்சா ஸ்டாண்டுல போய்ப் படி. என்கிட்டக் குடுக்காத.”

நாளைக்கே படிக்கிறேண்ணேன்னு சொன்னேன். தாளைத் திருப்பிக் குடுத்துட்டு வேனுக்குக் கீழ போயிட்டாரு.

மறுநாள் விடியக்காலம் ஆளு ஏத்துறதுக்கு முன்னாடி கம்பம் ஜீப் ஸ்டாண்டுல போய் நிறுத்துனேன். நான் ஓட்டிக்கிட்டு வந்து இறங்குனதைப் பார்த்தே பாதிப்பேரு கூடிட்டாக. படிச்சேன். முடிச்சப்புறம் ஒருத்தர், “நாம எல்லாரும்தானப்பா நியூட்ரல்ல வர்றோம்”னாரு. சுரேஷ்கண்ணன் தாளை வாங்கித் தானும் ஒரு தடவை படிச்சுப் பார்த்தாரு. டீக்கடை ஓரத்துல வேல்பாண்டி அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. போடியில இருந்து முதல் பஸ்ல வந்திருக்காரு. டீயைக் குடிச்சு முடிச்சுட்டுப் போயிட்டாரு.

ஒர்க்‌ஷாப்பை விடலை. வேல்பாண்டி அண்ணனே போன வாரம் ஷட்டரைத் திறந்திருக்காரு. மூணு ஜீப்பு வாசல்ல நிக்குது, அதுல ஒண்ணு சுரேஷ்கண்ணனோடது. உங்களை மன்னிச்சாரான்னு என்கிட்டக் கேக்காதீக. நானும் அவருகிட்டக் கேக்கலை.

பொன்னாத்தாக்காவுக்குப் படிச்சுக் காட்டுனேன். கேட்டுக்கிட்டே முருங்கைக்கீரை உருவுனாக. முடிச்சதும், “சரி, போ”ன்னாக. பத்து நாள் என் முகத்தைப் பார்க்கலை. பெறகு செவ்வாய்க்கிழமை காலையில கட்டையை ஊனிக்கிட்டு நம்ம வாசல்ல வந்து நின்னாக.

“மன்னிச்சு வரலை. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, ஏறுறேன். சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்த்தா. சத்தம் நின்னா நான் குதிச்சிருவேன், கால் இருந்தாலும் இல்லாட்டியும்.”

முன்சீட்டுல காலை நீட்டி உக்கார வச்சேன். உத்தமபாளையம் தாண்டுற வரைக்கும் என் இடது கையையே பார்த்துக்கிட்டு வந்தாக. சின்னமனூர் வந்தப்ப, “இப்ப எதுக்குக் கம்பியை இழுத்த?”ன்னு கேட்டாக. சொன்னேன். தேனி போறதுக்குள்ள எனக்கு முன்னாடியே, “இப்ப மாத்தணும்ல?”ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாக. பெரும்பாலும் சரியாத்தான் சொன்னாக.

இப்ப நான் நினைக்கிறது. உங்க மேல கோபம் இருக்கு. நியூட்ரல்ல வந்ததுக்குக் கம்மி, மூணு வருசம் வேல்பாண்டி அண்ணனைப் பேச விட்டதுக்குத்தான் நிறைய. நானும் அவரை மனசுக்குள்ள ஏசியிருக்கேன், உங்களை நம்பி. ஆனா கேட்டதுக்குப் பொய் சொல்லாம எழுதுனீக. அதை நான் பத்திரமா வச்சிருக்கேன்.

பெனிஷா

மதுரை
10.9.2025

பெனிஷா,

அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை விடுறாக. உறுதியாச் சொல்லிட்டாக.

நியூட்ரல்னு எழுதுன கடிதத்தைப் படிச்சப்புறம் அந்த ஐயா ரெண்டு நாள் என்கிட்டப் பேசலை. மூணாம் நாள் வந்து, “கொடைக்கானல் இறங்கும்போது நானும் அப்படித்தான்யா வருவேன். இனிமே வரலை”ன்னு சொல்லிட்டுப் போனாக.

என் லைசென்ஸ் இல்லாமப் போச்சு. திரும்ப வாங்கலாம்னாலும் நான் கேக்கப் போறது இல்லை. இங்க தோட்ட வேலை பழகியிருக்கேன், அதை வச்சுப் பார்ப்போம். வேல்பாண்டி கடைக்கு ஒரு நாள் போகணும். வெளிய போன்னு சொன்னா வந்துருவேன். சொல்லாட்டி நிப்பேன்.

நீ வர வேண்டாம். நான் பஸ்ல வந்துர்றேன். இருட்டுனப்புறம் தெருவுக்குள்ள வந்துக்கிறேன். பொன்னாத்தா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியலை. பேச என்கிட்ட வார்த்தை இல்லை.

இமானுவேல்

ராயப்பன்பட்டி
24.9.2025

மாமாவுக்கு,

பஸ்ல வர வேண்டாம். நான் ஜீப்பை எடுத்துக்கிட்டு வர்றேன். காலையில வெளிச்சத்துல கிளம்பி வெளிச்சத்துலயே திரும்பிறலாம். மதுரைக்குள்ள இதுவரைக்கும் ஓட்டுனது இல்லை, அதனால போன ஞாயிறு ஜோதியோட ஒரு தடவை போய், அந்த வாசல் வரைக்கும் வந்து திரும்பிட்டேன். உள்ள நீங்க இருக்கீகன்னு தெரியும். நீங்க வரக்கூடாதுன்னு சொன்னதால ஹாரன்கூட அடிக்கலை. வர்ற வழியில ஆண்டிபட்டிக் கணவாயில ஒரு லாரிக்குப் பின்னால மாட்டுனேன். மூணாவதுக்குக் குறைச்சு ஏத்தி, முந்தி வந்தேன். ஜோதி ஒண்ணுமே சொல்லலை. அது ஒண்ணும் சொல்லாம வந்தது அதுதான் முதல் தடவை.

நீங்க வர்ற தேதியைப் பொன்னாத்தாக்காகிட்டச் சொன்னேன். மறைக்க மனசு வரலை. தானும் மதுரைக்கு வர்றதாச் சொன்னாக. உங்ககிட்ட நேருக்கு நேரா ஒண்ணு கேக்கணுமாம். என்னன்னு நான் கேட்டேன். “அவன்கிட்டத்தான் கேப்பேன், உன்கிட்ட எதுக்கு?”ன்னுட்டாக.

அவுக முன்சீட்டுல காலை நீட்டி உக்காருவாக. நீங்க பின்னால உக்காரணும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வார்த்தை இல்லைன்னு எழுதியிருந்தீக, வர்றதுக்குள்ள தேடி வைங்க. மதுரையில இருந்து வீடு வந்து சேர மூணு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்.

பெனிஷா